தாமான் வீட்டைக் கட்டிக் காப்பது எப்படி?

மலேசியத் தோட்டத்தில் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயன் வீட்டில் கூரை ஒழுகினால் ஆபீசில் கிராணி என்னும் எழுத்தரிடம் சொல்லி வைப்பார்கள். ஆள் வருவதற்குப் பத்து நாள் ஆனாலும், பழுது பார்க்க வேண்டியது நிர்வாகத்தின் பொறுப்பு என்பதில் யாருக்கும் ஐயம் இருந்ததில்லை. தொழிலாளர் வீட்டு வசதியின் குறைந்தபட்சத் தரம் குறித்து 1990ஆம் ஆண்டில் வந்த சட்டமும் அந்தப் பொறுப்பை முதலாளியின் மீதே வைத்தது. தோட்டத்தை விட்டு வெளியேறி சுங்கை சிப்புட்டிலும் பாகான் செராயிலும் லூனாசிலும் பெஸ்தாரி ஜெயாவிலும் தாமான் என்னும் குடியிருப்புகளில் வீடு வாங்கிய குடும்பங்களுக்கோ, சாவியைக் கையில் வாங்கிய நாளிலிருந்து கிராணியும் தாமே, வேலையை மேற்பார்க்கும் மண்டோரும் தாமே. கூரை, குழாய், கரண்ட், கரையான், பக்கத்து வீட்டு மாமரக் கிளை, நகராண்மைக் கழகத்தின் நோட்டீஸ் என எல்லாமே வீட்டுக்காரரின் வாசலுக்குத்தான் வந்து சேர்கின்றன.

வாய்ச்சொல்லை நம்பிக் காரியம் நடத்திய ஊர்களிலிருந்து வந்தவர்கள் நாம். அந்த நம்பிக்கை நல்லதுதான். ஆனால் சொந்த வீட்டு விவகாரத்தில் தேதி போட்ட எழுத்துக்கு இருக்கும் பலம் வேறு எதற்கும் இல்லை. வீடுகளைக் கட்டி விற்கும் மேம்பாட்டாளரோ கட்டட வேலையை எடுத்துச் செய்யும் குத்தகையாளரோ அண்டை வீட்டாரோ அரசாங்க அலுவலகமோ, எதிரில் யார் இருந்தாலும் கேட்கப்படும் முதல் கேள்வி, 'எழுத்தில் இருக்கிறதா?' என்பதுதான். கீழே உள்ள ஒவ்வொரு வேலையையும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய முறையில் செய்து முடிப்பது எப்படி என்று எழுதியிருக்கிறேன்.

கிராண்டும் இரண்டு வரிகளும்

முதலில் ஒரு கெட்டி அட்டைக் கோப்பு வாங்கி, கிராண்ட் என்னும் நில உரிமைப் பத்திரத்தின் நகல், வாங்கியபோது எழுதிய ஒப்பந்தம், வீட்டின் அசல் பிளான், வரி ரசீதுகள், காப்புறுதிப் பத்திரம், பழுது பார்த்த பில்கள் அனைத்தையும் அதில் சேர்த்து வையுங்கள். அதன்பின் கிராண்டை ஒருமுறை உட்கார்ந்து முழுவதும் படியுங்கள். 'பஜாக்கான்' என்று இருந்தால் அது குத்தகை நிலம். எந்த ஆண்டோடு முடிகிறது என்பதும் அதிலேயே இருக்கும். 'செக்காத்தான் கெப்பந்திங்ஙான்' (உரிமைக் கட்டுப்பாடு) என்ற இடத்தில் ஏதாவது எழுதியிருந்தால், மாநில அரசின் அனுமதியில்லாமல் வீட்டை விற்கவோ பெயர் மாற்றவோ முடியாமல் போகலாம். மலிவு விலை வீடுகளில் இத்தகைய கட்டுப்பாடு சாதாரணமாகவே உண்டு.

நில வரியையும் மதிப்பீட்டு வரியையும் பலர் ஒன்றென்று எண்ணி, ஒன்றைக் கட்டிவிட்டு மற்றதை மறந்துவிடுகிறார்கள். சுக்காய் தானா என்னும் நில வரி, ஆண்டுக்கு ஒருமுறை நில அலுவலகத்துக்குச் செலுத்த வேண்டியது. பெரும்பாலான மாநிலங்களில் அதற்குக் கடைசி நாள் மே 31. சுக்காய் பிந்து என்னும் மதிப்பீட்டு வரி, நகராண்மைக் கழகம் போன்ற ஊராட்சி மன்றத்துக்கு ஆண்டில் இருமுறை, பிப்ரவரி மாத இறுதிக்குள்ளும் ஆகஸ்ட் 31க்குள்ளும் செலுத்த வேண்டியது. பில் வீட்டுக்கு வரவில்லை என்பது இரண்டுக்குமே சாக்காகாது. நில வரி பாக்கியானால் 6ஏ எண்ணிட்ட நோட்டீஸ் வரும். அது கிடைத்த மூன்று மாதத்துக்குள் கட்டாவிட்டால் நிலத்தையே மாநில அரசு பறிமுதல் செய்யச் சட்டம் இடம் தருகிறது. மதிப்பீட்டு வரி பாக்கிக்கு வாரண்ட் எடுத்து வீட்டுச் சாமான்களை ஜப்தி செய்யும் அதிகாரம் ஊராட்சி மன்றத்துக்கு உண்டு. ஆகவே, ஒருவரிடமிருந்து பழைய வீட்டை வாங்கியவர்கள், பெயர் மாறிய மூன்று மாதத்துக்குள் 'ஐ' பாரத்தை (படிவத்தை) நிரப்பி ஊராட்சி மன்றத்தில் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் பில் பழைய உரிமையாளர் பெயரிலேயே போய்க்கொண்டிருக்கும். பாக்கி மட்டும் உங்கள் வீட்டின் மேல் ஏறிக்கொண்டிருக்கும்.

நம் குடும்பங்களில் நான் மிகவும் வருந்துவது கிராண்ட் இன்னமும் காலமான தந்தையின் பெயரிலேயே இருக்கும் வீடுகளைப் பார்த்துத்தான். 'அண்ணன் தம்பிக்குள் என்ன இருக்கிறது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வருவார்கள். ஒருநாள் சமையலறையைப் பெரிதாக்க விண்ணப்பம் போடப் போனால் உரிமையாளரின் கையெழுத்து கேட்பார்கள். கையெழுத்துப் போட வேண்டியவர் இல்லை. அதற்குள் அண்ணனும் இறந்திருந்தால் அவருடைய மனைவி மக்களும் வாரிசுகளாகி, ஐந்து பேரின் சம்மதம் பதினைந்து பேரின் சம்மதமாகிவிடும். உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தில் நிலமோ வீடோ இருந்து, மொத்த மதிப்பு 50 லட்சம் வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மேற்படாதிருந்தால், 1955ஆம் ஆண்டின் சிறு சொத்துப் பகிர்வுச் சட்டப்படி நில அலுவலகத்தோடு இணைந்த சொத்துப் பகிர்வுப் பிரிவிலேயே 'ஏ' பாரம் கொடுத்து விசாரணை கேட்கலாம். உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியதில்லை. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1958ஆம் ஆண்டின் பகிர்வுச் சட்டமே பங்கைத் தீர்மானிக்கிறது. இறந்தவரின் பெற்றோர் உயிரோடு இல்லை என்றால் துணைவருக்கு மூன்றில் ஒரு பங்கும் பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கும் சேரும். பெற்றோர் இருந்தால் அவர்களுக்கு நான்கில் ஒன்று, துணைவருக்கு நான்கில் ஒன்று, பிள்ளைகளுக்குப் பாதி. தனக்கே முழு வீடும் வரும் என்று எண்ணியிருக்கும் தாய்மார்கள் இதைக் கேட்டுத் திகைத்துப் போவதுண்டு. முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பிள்ளைகள் தங்கள் பங்கை விசாரணையின்போதே தாய்க்கு விட்டுக்கொடுக்க முடியும். கருமாதி முடிந்து உறவினர் எல்லாரும் ஊரில் இருக்கும்போதே மரணச் சான்றிதழையும் அடையாள அட்டை நகல்களையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

புதிய வீட்டின் முதல் இரண்டு ஆண்டுகள்

ரப்பரும் செம்பனையும் நின்ற நிலத்தில் எழும் புதிய தாமான்களில் வீடு வாங்கியவர்களுக்குச் சட்டம் ஒரு நல்ல கேடயத்தைத் தந்திருக்கிறது. சாவி பெற்ற நாளிலிருந்து 24 மாதத்துக்குள் தெரியவரும் கட்டுமானக் குறைகளை, எழுத்து மூலம் அறிவித்த 30 நாளுக்குள், மேம்பாட்டாளர் தம் சொந்தச் செலவில் சரிசெய்ய வேண்டும். எழுத்து மூலம் என்ற சொல்லைக் கவனியுங்கள். தள அலுவலகத்தில் இருக்கும் பெண்ணிடம் சொல்லிவிட்டு வருவதும், மேற்பார்வையாளருக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவதும் மட்டும் போதாது. அறைவாரியாகக் குறைகளை எழுதி, படங்களை இணைத்து, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

முப்பது நாளில் வேலை நடக்காவிட்டால், வேறு குத்தகையாளரிடம் விலை கேட்டு, அந்தத் தொகையைக் குறிப்பிட்டு மீண்டும் நோட்டீஸ் கொடுத்து, வேலையை நீங்களே முடித்துச் செலவைக் கோரலாம். வீட்டின் விலையில் 5 விழுக்காடு இதற்காகவே வழக்கறிஞரிடம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். சாவி கொடுத்த எட்டு மாதத்தில் பாதியும் 24 மாதத்தில் மீதியும் மேம்பாட்டாளருக்குப் போய்விடும் என்பதால் காலம் கடத்துவது உங்களுக்குத்தான் நட்டம். அதற்கும் இணங்காதவர்கள் மீது, வீடு வாங்குவோர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 10 வெள்ளி கட்டணத்துடன் 50,000 வெள்ளி வரை கோரலாம். குறைநீக்கக் காலமான அந்த 24 மாதம் முடிந்த 12 மாதத்துக்குள் மனுவைப் போட்டுவிட வேண்டும். 23ஆவது மாதத்தில் இன்னும் ஒருமுறை வீடு முழுவதையும் சுற்றிப் பார்த்துக் கடைசிப் பட்டியலைக் கொடுப்பதை எவரும் தவறவிடக் கூடாது.

ஒழுகும் கூரை

மேற்குக் கரையில் இருப்பவர்களுக்குக் கூரையின் உண்மை நிலை ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் தெரிந்துவிடும். பிற்பகலில் இடியோடு கொட்டும் மழை ஒரு மணி நேரத்தில் நின்றுவிட்டாலும், காற்றோடு சாய்ந்து அடிப்பதால் சாதாரண மழையில் நீர் புகாத இடுக்குகளிலும் புகுந்துவிடுகிறது.

சிலிங்கில் பழுப்பு நிற வளையம் தெரிந்தால், அதற்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். ஓட்டின் அடியில் புகுந்த நீர் சாய்ந்த மரச்சட்டத்தின் அடிப்பகுதியைப் பற்றிக்கொண்டு பல அடி தூரம் இறங்கி, ஓர் ஆணியிலோ இணைப்பிலோ தடைபட்ட பிறகே சிலிங்கில் சொட்டுகிறது. ஆகவே வளையத்திலிருந்து கூரையின் உச்சியை நோக்கித்தான் தேட வேண்டும். சிலிங் கதவைத் திறந்து, விளக்கை அணைத்துவிட்டு, பகல் நேரத்தில் பார்த்தால் வெளிச்சம் ஊசி முனைபோல் தெரியும் இடம் ஒன்று. மரச்சட்டத்தில் கறை கறுத்து ஓடியிருக்கும் கோடு இரண்டாவது தடயம்.

இரண்டும் கிடைக்காதபோது தோட்டக் குழாயைக் கொண்டு சோதிப்பதே நம்பகமான வழி. ஒருவர் உள்ளே டார்ச் விளக்கோடு நிற்க, மற்றவர் ஏணியின் மேல் நின்று கூரையின் கீழ் ஓரத்திலிருந்து நீர் விடத் தொடங்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் கால் மணி நேரம் விட்டு, உள்ளே சொட்டவில்லை என்று உறுதியான பிறகே ஓரடி மேலே போக வேண்டும். உச்சியிலிருந்து தொடங்கினால் நீர் கீழே ஓடி எல்லா இடுக்கையும் நனைத்துவிடும். எந்த இடம் குற்றவாளி என்று சொல்லவே முடியாது. காற்று மழையில் சுவர்ப் பக்கமாக நுழையும் நீரைக் கண்டுபிடிக்கக் குழாயைச் சற்றுச் சாய்த்துப் பிடித்துப் பார்க்கலாம். ஓட்டின் மேல் ஏறி நடப்பதைத் தவிர்த்துவிடுங்கள்.

நம் தாமான் வீடுகளில் ஒழுகல் பெரும்பாலும் ஓர் இடத்தில்தான் இருக்கிறது: பின்னால் நீட்டிக் கட்டிய சமையலறையின் தகரக் கூரை, பழைய வீட்டின் சுவரோடு சேரும் கோட்டில். அந்த இடத்தில் பிளாஷிங் என்னும் தகரப் பட்டையைச் சுவருக்குள் வெட்டிப் பதிக்காமல், சுவரோடு ஒட்டிவைத்து சிமெண்டால் பூசிவிட்டுப் போகிறார்கள். மதிய வெயிலில் தகரம் விரிந்து, மழையில் சட்டென்று சுருங்குகிறது. சிமெண்டால் அப்படி நீளவும் சுருங்கவும் முடியாது. சில மாதங்களில் தலைமுடி அளவில் ஒரு வெடிப்பு விழும். அந்த வெடிப்பின் மேல் வருவோர் போவோரெல்லாம் மறுபடி சிமெண்ட் பூசுவார்கள், அதுவும் வெடிக்கும். சரியான முறை, பழைய பூச்சு முழுவதையும் கொத்தியெடுத்து, சுவரில் ஓர் அங்குல ஆழத்துக்குக் கோடு வெட்டி, பட்டையின் மேல் விளிம்பை அதற்குள் மடக்கிச் செருகி, நெகிழும் தன்மையுள்ள சீலண்டால் அடைப்பதாகும். வேலை செய்ய வருபவரிடம் 'பட்டையைச் சுவருக்குள் வெட்டிப் பதிப்பீர்களா?' என்று முதலிலேயே கேளுங்கள். இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லாதவரிடம் அந்த வேலையைக் கொடுக்க வேண்டாம்.

பழைய வீடுகளின் கூரையிலும் சிலிங்கிலும் இருக்கும் சாம்பல் நிறச் சிமெண்ட் தகடுகளில் அஸ்பெஸ்டாஸ் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. உடையாமல் இருக்கும்வரை அவற்றால் பெரிய ஆபத்தில்லை; துளையிடும்போதும் அறுக்கும்போதும் உடைத்து எறியும்போதும் பறக்கும் நுண்ணிய நார், மூச்சோடு உள்ளே போய் நுரையீரல் நோயையும் புற்றுநோயையும் உண்டாக்கும். மாற்ற நேர்ந்தால், அந்த வேலை தெரிந்தவர்களை அழைத்து, நனைத்து, முழுத் தகடாகவே கழற்றி, கெட்டி பிளாஸ்டிக்கில் சுற்றி அப்புறப்படுத்தச் செய்யுங்கள். காய்ந்த தூளைத் துடைப்பத்தால் பெருக்கவே கூடாது. பிள்ளைகள் அன்று வீட்டில் இருக்க வேண்டாம்.

தண்ணீர், மின்சாரம், கரையான்

தண்ணீர் பில் காரணமில்லாமல் ஏறினால், இரவில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள். மீட்டருக்குள் உள்ள சிறு சக்கரம் அப்போதும் சுழன்றால் எங்கோ கசிகிறது. அடுத்து, கழிவறைத் தொட்டியில் கேசரிப் பவுடரைக் கொஞ்சம் கரைத்து ஊற்றி, அரை மணி நேரம் தண்ணீர் இழுக்காமல் விட்டுவையுங்கள். கிண்ணத்தில் நிறம் இறங்கியிருந்தால் தொட்டியின் ரப்பர் தேய்ந்துவிட்டது என்று பொருள். மீட்டருக்கு அப்பால் வீட்டுப் பக்கம் உள்ள குழாய் உங்கள் பொறுப்பு; சாலைப் பக்கம் உள்ளது நீர் நிறுவனத்தின் பொறுப்பு.

மின்சாரப் பெட்டியில் உள்ள கசிவு மின் துண்டிப்பானில் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்துங்கள். அழுத்தியதும் மின்சாரம் நின்றால் அது உயிரோடு இருக்கிறது, நிற்காவிட்டால் உடனே மாற்ற வேண்டும். குளியலறை வாட்டர் ஹீட்டருக்குத் தனியாக 10 மில்லி ஆம்பியர் துண்டிப்பான் வேண்டும் என்பது 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகளிலிருந்து வரும் கட்டாயம். பழைய வீடுகளில் ஹீட்டரை மட்டும் புதிதாக மாட்டி இதை விட்டுவிடுகிறார்கள். அடிக்கடி துண்டிப்பு ஏற்பட்டால், எல்லாச் சிறு சுவிட்சுகளையும் இறக்கிவிட்டு, பெரியதை ஏற்றி, பிறகு சிறியவற்றை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த வரிசையில்தான் கோளாறு. கண்டுபிடிப்பதோடு நம் வேலை முடிந்தது. கம்பியைத் தொடுவதற்கு எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனை அழைக்க வேண்டும்.

ரப்பர் தோட்டமாக இருந்த நிலத்தில் கட்டிய வீட்டுக்குக் கரையான் தொல்லை தேடி வருவதற்குக் காரணம் உண்டு. ரப்பர் மரங்களைத் தாக்கும் கரையான் இனங்கள் அந்த மண்ணில் ஏற்கெனவே இருக்கின்றன; மண்ணுக்குள் விட்டுவைத்த அடிக்கட்டைகளும் வேர்களும் அவற்றுக்குத் தீனியாகின்றன. அவை தீர்ந்ததும் அடுத்தது உங்கள் கதவு நிலை. சுவரில் விரல் அகலத்துக்கு மண் குழாய் ஓடியிருப்பதைக் கண்டால், ஸ்பிரே அடித்துவிடாதீர்கள். கண்ணில் பட்டவை செத்து, மற்றவை வேறு வழியாகப் போய்விடும், புற்று அப்படியே இருக்கும். குழாயின் நடுவில் சிறிது உடைத்துவிட்டு மறுநாள் பாருங்கள். ஈர மண்ணால் அடைத்திருந்தால் உள்ளே நடமாட்டம் இருக்கிறது. பூச்சிக்கொல்லி வாரிய உரிமம் பெற்றவரை அந்த நிலையிலேயே அழைத்துக் காட்டினால், இரை வைத்துப் புற்றையே அழிக்க வழி செய்வார். வீட்டைச் சுற்றிப் பழைய பலகைகளையும் அட்டைப் பெட்டிகளையும் மண்ணில் படும்படி அடுக்கி வைக்கும் பழக்கத்தையும் விட்டாக வேண்டும்.

சமையலறையை நீட்டிக் கட்டுவது

தாமான் வீடு வாங்கிய எல்லாருக்கும் முதல் ஆசை பின்பக்கச் சமையலறையைப் பெரிதாக்குவதுதான். பெரும்பாலான சண்டைகளும் செலவுகளும் பிறப்பதும் அங்கேதான். ஊராட்சி மன்றத்தின் எழுத்து மூல அனுமதியில்லாமல் கட்டடம் எழுப்புவதை 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் தடை செய்கிறது. வீட்டை நீட்டுவதும் மாற்றிக் கட்டுவதும் அதில் அடங்கும். 'இந்த வரிசையில் எல்லாரும் கட்டியிருக்கிறார்கள், யாரும் கேட்கவில்லை' என்பது அனுமதியாகாது. ஒருவர் புகார் கொடுத்தால் போதும், இடிக்கச் சொல்லி நோட்டீஸ் வரும். வீட்டை விற்கும்போது வங்கியின் மதிப்பீட்டாளரும் பிளானில் இல்லாத பகுதியைக் கவனிப்பார்.

மன்றத்தின் கட்டடப் பிரிவுக்கு நேரில் போய், எந்த வேலைக்குச் சிறு பெர்மிட் போதும், எதற்கு முழு பிளான் வேண்டும், பின்சந்திலிருந்து எத்தனை அடி விட வேண்டும், எந்த நேரத்தில் உடைப்பு வேலை செய்யலாம், வைப்புத்தொகை எவ்வளவு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இவை ஒவ்வொரு மன்றத்திலும் வேறுபடுகின்றன. கோலகங்சாரில் ஏற்றுக்கொள்வதை கூலிமில் ஏற்றுக்கொள்வார்கள் என்று எண்ண முடியாது. கிராண்ட் நகலும் பாக்கியில்லாத மதிப்பீட்டு வரி ரசீதும் கேட்பார்கள். பல மன்றங்கள் இருபக்கத்து, பின்பக்கத்து அண்டை வீட்டாரின் சம்மதக் கடிதத்தையும் கேட்கின்றன.

கடிதம் கேட்கப் போகும்போது பாரத்தை மட்டும் நீட்டாதீர்கள். பிளானை எடுத்துக்கொண்டு, மாலையில், வீட்டில் பெரியவர்கள் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். 'அக்கா, பின்னால சமையலறைய நீட்டப் போறோம். உங்க சுவர்ல தண்ணி எறங்காம இருக்க இந்தப் பக்கம் கால்வாய் வைக்கிறோம். வேலை ரெண்டு மாசம் நடக்கும், ஞாயித்துக்கிழமை உடைக்க மாட்டோம்' என்று நேரே சொல்லிவிட்டால், பெரும்பாலும் மறுப்பு வராது. மலாய்க்காரர் வீடாக இருந்தாலும் சீனர் வீடாக இருந்தாலும் இதே மரியாதைதான். பாச்சிக் என்று நாம் அழைக்கும் மலாய்ப் பெரியவரிடம் ரமலான் மாதத்தில் நோன்பு திறக்கும் நேரத்தில் போய் நிற்காமல் இருப்பது அதில் சேரும். சொன்னதையெல்லாம் மலாயில் ஒரு பக்கக் கடிதமாக எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். வேலை தொடங்குமுன் அண்டை வீட்டுச் சுவரில் ஏற்கெனவே இருக்கும் வெடிப்புகளை அவர்கள் முன்னிலையிலேயே படம் எடுத்து வைப்பது இரு வீட்டாருக்கும் பாதுகாப்பு.

பழைய வீட்டின் அடித்தளம் பல ஆண்டுகளுக்கு முன்பே அமர்ந்துவிட்டது. புதிதாகக் கட்டும் பகுதி இனிமேல்தான் அமரப் போகிறது. இரண்டையும் கம்பி போட்டு இறுக்கிச் சேர்த்துவிட்டால், புதியது இறங்கும்போது பழையதையும் இழுக்கும். சுவர் மூலையில் சாய்வாக வெடிக்கும். கடலோரக் களிமண்ணும் கரி மண்ணும் உள்ள இடங்களில் இது இன்னும் மோசம். ஆகவே புதிய பகுதிக்குத் தனி அடித்தளமும் இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி இணைப்பும் வேண்டும் என்று பிளான் வரைபவரிடம் கேளுங்கள். வெடிப்பு விழுந்தால், அதன் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். ஆறு மாதத்தில் கோட்டைத் தாண்டாத மெல்லிய வெடிப்புக்குப் பூச்சு போதும்; நீண்டுகொண்டே போனாலோ, ஐந்து மில்லி மீட்டருக்கு மேல் அகலமானாலோ, கதவு திறக்க மறுத்தாலோ பொறியாளரைக் காட்டியாக வேண்டும்.

கழிவுத் தொட்டியை மறந்துவிடாதீர்கள். தனித் தொட்டி உள்ள வீடுகளில் அது பெரும்பாலும் பின்பக்கம்தான் இருக்கும். அதன் மேல் தரை போட்டு டைல்ஸ் ஒட்டிவிட்டால், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கசடு எடுக்க லாரி வரும்போது புதுத் தரையை உடைக்க வேண்டிவரும். மூடியைத் திறக்க வழி விட்டே பிளான் போட வேண்டும்.

குத்தகையாளரைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது: தெரிந்தவர், கோயிலில் பழக்கம், சொந்தக்காரர் என்ற எதுவும் ஒப்பந்தத்துக்கு ஈடாகாது, உறவு கெடாமல் இருப்பதற்கே ஒப்பந்தம் வேண்டும். வேலையின் அளவு, சிமெண்ட் முதல் தகரத்தின் கனம் வரை பொருள்களின் விவரம், தொடங்கும் நாள், முடிக்கும் நாள், எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம் என்பவை ஒரே தாளில் அடங்கும். கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிவு உள்ளதா என்று பாருங்கள். முன்பணமாக அதிகம் கொடுக்காதீர்கள்; முடிந்த வேலைக்கு மட்டும் பணம் கொடுத்து, கடைசிப் பத்து விழுக்காட்டை ஒரு பெருமழை பெய்து கூரை சொட்டவில்லை என்று தெரியும்வரை நிறுத்தி வையுங்கள். இதை முதலிலேயே ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் யாரும் குறை சொல்ல முடியாது.

தீபாவளிக்கு வீடு தயாராக வேண்டும் என்று ஆகஸ்டில் ஆளைத் தேடுவதுதான் நம்மவர்கள் செய்வது. அப்போது எல்லாக் குத்தகையாளர்களும் கைக்கு மீறிய வேலையை ஏற்றுக்கொண்டிருப்பார்கள். கூரையைத் திறந்து வைத்திருக்கும் நேரத்தில் அக்டோபர் மழையும் வந்துவிடும். பேராவிலும் கெடாவிலும் இருப்பவர்கள், முந்தைய ஆண்டின் இறுதியிலேயே பெர்மிட்டை வாங்கி வைத்து, பொங்கல் முடிந்ததும் ஓரளவு வறண்டிருக்கும் வாரங்களில் கூரை வேலையை முடித்துக்கொள்வது எவ்வளவோ மேல்.

பணம் வாங்கிக்கொண்டு வேலையைப் பாதியில் விட்டுப் போனவர் மீது, மூன்று ஆண்டுக்குள் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனுச் செய்யலாம். கட்டணம் 5 வெள்ளி, கோரிக்கை 50,000 வெள்ளி வரை, வழக்கறிஞர் தேவையில்லை. ஒப்பந்தத் தாளும் பணம் கொடுத்த சான்றும் இருந்தால் சாதாரண மக்களே நின்று வாதாட முடியும். பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகக் கொடுப்பதன் பயன் அன்று தெரியும்.

அடுக்குமாடியில் மேல்வீட்டு நீர்

அடுக்குமாடி வீட்டில் சிலிங் நனைந்தால், மேல்வீட்டுக்காரரோடு வாசலில் நின்று வாதாட வேண்டாம். 2015ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, வேறுவிதமாக நிரூபிக்கப்படாதவரை கோளாறு மேல்வீட்டில் இருப்பதாகவே கருதப்படும். நிர்வாக அமைப்புக்கு எழுத்து மூலம் அறிவித்தால், அது ஏழு நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும். பார்த்த ஐந்து நாளுக்குள் யார் பொறுப்பு என்று சான்றிதழ் கொடுக்க வேண்டும். நிர்வாகம் அசையாவிட்டால், ஊராட்சி மன்றத்தில் உள்ள கட்டட ஆணையரிடம் புகார் செய்யலாம். ஆனால் பராமரிப்புக் கட்டணத்தைக் கோபத்தில் நிறுத்திவிடாதீர்கள். அது உங்கள் கையைத்தான் கட்டும்.

மரம், கால்வாய், புகை

பக்கத்து வீட்டு மரக்கிளை உங்கள் எல்லைக்குள் நீண்டு கூரையை உரசினால், முதலில் சொல்லுங்கள், பிறகு எழுதிக் கொடுங்கள். அதற்கும் பலனில்லை என்றால் எல்லைக் கோட்டுக்கு உங்கள் பக்கம் உள்ள பகுதியை மட்டும் வெட்ட உரிமை உண்டு. அவர்கள் நிலத்துக்குள் காலடி வைக்கவோ, மருந்து ஊற்றி மரத்தைச் சாகடிக்கவோ உரிமை இல்லை. உங்கள் சொந்த வளாகத்து மரமாக இருந்தாலும், தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் அளக்கும்போது சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்டினால், அதை வெட்டிச் சாய்க்க ஊராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும் என்று நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் கூறுகிறது. பட்டுப்போன மரத்துக்கும் ஆபத்தான மரத்துக்கும் விலக்கு உண்டு. அப்படி விலக்கில் வருகிறதென்றால் வெட்டுவதற்கு முன் படம் எடுத்து வையுங்கள்.

வாசல் கால்வாயின் மேல் சிமெண்ட் போட்டு மூடிக் கார் நிறுத்துபவர்கள், தூர் வாரத் திறக்க முடியாதபடி மூடக் கூடாது. இரும்புக் கிராதியாக வைத்தால் நீங்களே தூக்கிச் சுத்தம் செய்யலாம். அடைபட்ட கால்வாய் நீர் முதலில் நிறைவது தாழ்ந்த வீட்டில்தான், அது பெரும்பாலும் வரிசையின் கடைசியில் குடியிருக்கும் வயதானவர்களின் வீடாக இருக்கும். பூந்தொட்டித் தட்டிலும் குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டிலும் கூரைப் பள்ளத்திலும் தேங்கும் நீரில் ஏடிஸ் புழு கண்டுபிடிக்கப்பட்டால், சுகாதார அதிகாரிகள் அங்கேயே 500 வெள்ளி அபராதம் எழுதுவார்கள். காய்ந்த இலையைக் கொளுத்துவது தோட்டத்துக் காலத்துப் பழக்கம். இப்போது அது சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் குற்றம், ஆஸ்துமா உள்ள பிள்ளை பக்கத்து வீட்டில் இருந்தால் அதைவிடப் பெரிய தீங்கு. இலைகளை மூலையில் குவித்து மட்க விட்டால் கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் உரமாகும்.

தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் காப்புறுதிப் பத்திரத்தை இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். வங்கிக் கடனோடு சேர்ந்து வரும் அடிப்படைத் தீக் காப்புறுதி வெள்ளச் சேதத்துக்கு இழப்பீடு தராது. வெள்ளத்தையும் சேர்த்த வீட்டுரிமையாளர் காப்புறுதியைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். கடன் தீர்ந்து பல ஆண்டு ஆன வீடுகளில் எந்தக் காப்புறுதியும் இல்லாமலே போயிருக்கக்கூடும். ஆகையால் தேதியையும், யாருடைய பெயரில் இருக்கிறது என்பதையும் பார்த்து, வெள்ளக் காலம் தொடங்குவதற்கு முன்பே புதுப்பித்துக்கொள்ளுங்கள்.